கணவாய்க்கு வடக்கே ஒரு குருவி, தெற்கே வேறொரு குருவி: ஏன்?

கடவுக்காற்று (கிணத்துக்கடவு)

எல்லோருக்கும் வணக்கமுங்க. பறவை பார்க்கப் போகும் நண்பர்களோடு சேர்ந்து ஊட்டிப் பக்கம் ஒரு சோலையில் சோலைக்குருவியைப் பார்த்தேன். மேலே கருநீலம், விலாவில் செம்பழுப்பு, வயிற்றில் வெள்ளை. முன்பு ஆனைமலையில் பார்த்த குருவிக்கு விலாவில் அந்தச் செம்பழுப்பு கிடையாது, நீலச் சாம்பல்தான். இரண்டும் வேறு வேறு இனம் என்று கூட வந்தவர் சொன்னார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

எங்கள் ஊர் பொன்மலை மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் ஆனைமலை, இன்னொரு பக்கம் நீலகிரி. நடுவில் பாலக்காட்டுக் கணவாய், அதில் இருப்பது தென்னந்தோப்பும் தக்காளிக் காடும்தான். றெக்கை இருக்கிற குருவி இந்தத் தூரத்தைத் தாண்டாதா? யானையும் புலியும் இரண்டு பக்கமும் ஒரே இனமாக இருக்க, குருவி மட்டும் எப்படிப் பிரிந்தது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

சோலைமந்தி (வால்பாறை)

நல்ல கேள்விங்கண்ணா. பறக்கத் தெரிவது வேறு, பறந்து போவது வேறு. சோலைக்குருவி தரையை ஒட்டிய புதருக்குள், இருட்டும் ஈரமுமான இடத்தில், உதிர்ந்த இலையைப் புரட்டிப் பூச்சி பொறுக்கித் தின்று வாழ்வது. அதன் சிறகு குட்டை, நுனி வட்டம். நூறு அடி தள்ளி இன்னொரு புதருக்குப் போக அது போதும், நெடுந்தூரப் பயணத்துக்கு ஆகாது. தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695 மீட்டர். நடுவில் கோவை 400 மீட்டர் சொச்சம், பாலக்காடு 100 மீட்டர்கூட இல்லை. கணவாயின் அகலம் 30 முதல் 40 கிலோமீட்டர். நமக்கு அது பொள்ளாச்சி பஸ்ஸில் ஒரு தூக்கம். அந்தக் குருவிக்கு நிழலே இல்லாத, ஒதுங்க ஒரு புதர் இல்லாத வெயில் காடு. மலை உச்சிச் சோலைகளைக் கடலுக்கு நடுவே இருக்கும் தீவுகளாக நினைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும்.

இதில் குருவி தனி ஆள் இல்லை. சிரிப்பான் குருவியும் அப்படித்தான். நீலகிரிச் சிரிப்பானுக்கு மார்பும் வயிறும் செம்பழுப்பு. கணவாய்க்குத் தெற்கே பழனிமலை, ஆனைமலைப் பக்கம் இருப்பது வேறு இனம், மார்பு சாம்பல். சோலைக்குருவி, சிரிப்பான் என்ற இந்த இரண்டு கூட்டத்துக்கும் உலகத்தில் வேறெங்கும் நெருங்கிய பங்காளி இல்லை என்பது மரபணு ஆய்வில் தெரிந்து, 2017இல் ஷோலிகோலா, மான்டிசின்க்லா என்று இரண்டு புதுப் பேரினங்களே வைத்தார்கள்.

பிரிந்த பிறகு என்ன நடக்கிறது? ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணுவில் சின்னச் சின்ன மாற்றம் தானாகவே வரும். இரண்டு பக்கமும் கலந்து இனம் பெருக்கிக்கொண்டே இருந்தால் அந்த மாற்றம் எல்லாருக்கும் பரவிவிடும், யாரும் தனியாகத் தெரியமாட்டார்கள். கலப்பு நின்றுவிட்டால் இந்தப் பக்கத்து மாற்றம் இந்தப் பக்கமே தங்கும், அந்தப் பக்கத்தது அந்தப் பக்கமே. அதில் சிலது இடத்துக்குத் தோதாக இருப்பதால் நிலைக்கிறது. அதைத்தான் இயற்கைத் தேர்வு என்கிறோம். சிலது வெறும் தற்செயலாகவே நிலைத்துவிடும். கூட்டம் சிறிதாக இருந்தால் தற்செயலின் கை ஓங்கும். அதனால் விலாவில் செம்பழுப்பு இருந்தால் அதற்கு ஒரு பயன் இருந்தே ஆக வேண்டும் என்று நாம் தேடி அலைய வேண்டியதில்லை. இதை எங்கே சொன்னாலும் ஆட்கள் ஒத்துக்கொள்வதில்லை, "இயற்கை காரணமில்லாமல் செய்யாது" என்பார்கள். இயற்கை நிறையவே அப்படிச் செய்கிறது.

அப்படியானால் முதலில் எப்படி இரண்டு பக்கமும் போய்ச் சேர்ந்தது? தட்பவெப்பம் எப்போதும் இன்று இருப்பதுபோல இருந்ததில்லை. நீலகிரியில் சதுப்பு நிலத்து மண்ணை அடுக்கடுக்காகத் தோண்டி ஆராய்ந்ததில், கடந்த 20,000 ஆண்டுகளுக்குள்ளேயே புல்வெளி பரவிச் சோலை சுருங்கிய காலமும், சோலை பரவிப் புல் பின்வாங்கிய காலமும் மாறி மாறி வந்தது தெரிகிறது. குருவி பிரிந்தது இதற்கெல்லாம் எவ்வளவோ முந்தைய கதை. ஆனால் நடப்பது இதே மாதிரிதான். குளிரும் ஈரமும் கீழே இறங்கும் காலத்தில் வழி திறக்கும், அப்புறம் மூடும்.

கொறங்காட்டார் (வெள்ளகோயில்)

//நிழலே இல்லாத, ஒதுங்க ஒரு புதர் இல்லாத வெயில் காடு//

அம்மிணி, நீங்கள் எழுதியது எல்லாம் சரி. ஆனால் மலைக்காரர்கள் பேசும்போது எங்கள் சமவெளி எப்போதும் ஒரு தடங்கலாகவே வருகிறது. எங்கள் கொறங்காட்டில் (வேலி கட்டிய மேய்ச்சல் நிலம்) வந்து ஒரு சித்திரை வெயிலில் உட்காருங்கள். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம். அங்கே ஒரு விசிறித் தொண்டை ஓணான் உண்டு, ஒரு சாண் நீளம்கூட இருக்காது. கடா ஓணான் ஒரு சின்னக் கல்மேல் ஏறி நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். தாடைக்குக் கீழே மடித்து வைத்திருக்கும் தோலைப் படக்கென்று விரிக்கும், மடிக்கும், மறுபடி விரிக்கும். வெளிறிய தோலில் நீலக் கீற்று ஓடும். பக்கத்துக் கல்லில் இன்னொரு கடா ஏறிவிட்டால் இரண்டும் விரிப்பதும் மடிப்பதுமாக நேரம் போவதே தெரியாது. ஆள் நெருங்கினால் பின்னங்கால் இரண்டில் எழுந்து நின்று ஓடும். கையில் பிடித்துப் பார்த்தால் பின்னங்காலில் நான்கே விரல். வேலியில் ஏறுகிற சாதாரண ஓணானுக்கு ஐந்து.

இது ஒன்றும் மலையிலிருந்து வழி தவறி வந்தது அல்ல. இந்த வறண்ட பூமிக்கென்றே ஆனது. எங்கள் நிலம் வறண்டு கிடப்பதால் இங்கே உயிரே குறைவு என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

சோலைமந்தி

நீங்கள் சொல்வதுதான் இந்த இழைக்கே தேவையான சேதிங்க ஐயா. விசிறித் தொண்டை ஓணான்களின் மரபணுவை ஒப்பிட்டு 2018இல் வந்த ஆய்வு இதையேதான் சொல்கிறது. துணைக்கண்டம் படிப்படியாக வறண்டு, அடர்ந்த காடு திறந்த வெளியானபோதுதான் அவை பல இனங்களாகப் பெருகின. சோலைக்குருவிக்கு இடம் சுருங்கிய அதே மாற்றத்தில் ஓணானுக்கு இடம் பெருகியது. கணவாய் ஒருவருக்குச் சுவர், இன்னொருவருக்கு வாசல். நான் இதை முதல் பதிலிலேயே எழுதியிருக்க வேண்டும், மலை மேல் இருக்கிறவளுக்கு மலைதான் முதலில் தெரிகிறது.

மோயாற்றங்கரை (சத்தியமங்கலம்)

வறண்ட நிலம் என்றதும் நானும் வருகிறேன். மோயாற்றுப் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழை நீலகிரியின் மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிடும். கிழக்கே இறங்கி எங்களிடம் வரும்போது மேகம் காலி. அதனால் 2,000 மீட்டருக்கு மேல் சோலையும் பனியும், காக்காய் பறக்கும் தூரத்தில் கீழே முள்காடும் பொட்டல் வெளியும். மேலே வரையாடு, கீழே புல்வாய் மான். இங்கே கழுதைப்புலியும் உண்டு. ஆற்றோரத்து நீர்மருதில் வெண்முதுகுப் பிணந்தின்னிக் கழுகு கூடு கட்டுகிறது. தமிழ்நாட்டில் இவ்வளவையும் ஒரே பள்ளத்தாக்கில் பார்க்க வேறு இடம் கிடையாது என்பது என் எண்ணம்.

புல்வாய் மணிக்கு 80 கிலோமீட்டர் வரை ஓடும். இன்றைக்கு இங்கே அதைத் துரத்தும் செந்நாயோ சிறுத்தையோ அந்த வேகத்துக்குப் பக்கத்தில்கூட வர முடியாது. பிறகு எதற்கு அந்த வேகம்? இந்தியாவில் சிவிங்கிப்புலி அழிந்துவிட்டதாக அறிவித்தது 1952இல். துரத்தியது போய்விட்டது, ஓட்டம் மட்டும் மானின் காலில் இன்னும் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பரிணாமம் எப்போதும் பழைய பாக்கியைச் சுமந்துகொண்டே வரும். இன்றைய சூழலுக்கு எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும் என்று எதிர்பார்த்துப் பார்த்தால் பாதி விலங்கு புரியாது.

திருப்பூர் புதுப்பாளையம் பக்கம் விவசாய நிலத்துக்கு நடுவிலும் புல்வாய்க் கூட்டம் இருக்கிறது. பனியன் கம்பெனிகளுக்கு இவ்வளவு பக்கத்தில் மானா என்று கேட்பார்கள். அது வந்து சேர்ந்த மான் இல்லை. பனியன் கம்பெனிக்கு முன்னாலிருந்தே அங்கே மேய்ந்தது.

கடவூர்மலை (கரூர்)

எங்கள் பக்கத்துக்கும் ஒரு சாட்சி உண்டு: தேவாங்கு. 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். எங்களுடையது வறண்ட காட்டுத் தேவாங்கு, சாம்பல் நிறம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுப் பக்கம் இருப்பது அளவில் சிறியது, நிறத்தில் செம்பழுப்பு ஏறியது. இரண்டையும் ஒரே இனத்தின் இரண்டு துணையினமாகத்தான் இப்போதைக்கு வைத்திருக்கிறார்கள். குருவி அளவுக்கு இன்னும் முழுசாகப் பிரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

ராத்திரி டார்ச் அடித்தால் இரண்டு கண் மட்டும் செந்தணலாக மின்னும், அதை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். கிளையைப் பிடித்தால் விடாமல், ஒரு கையை எடுத்து வைத்துவிட்டுத்தான் அடுத்த கையை எடுக்கும். மற்ற பிராணி தொடாத கசப்புப் பூச்சியையும் எறும்பையும் தின்னும். உடம்பில் எரியும் சூடு குறைவு, அதனால் கொஞ்சம் இரையிலேயே காலம் தள்ள முடிகிறது. இதன் பெரிய தொல்லை, மரத்திலிருந்து மரத்துக்குத் தாவாது. கிளையோடு கிளை தொட்டுக்கொண்டிருந்தால்தான் போகும். ஊருக்கு ஊர் வேலி மரத்தை வெட்டி முள்கம்பி கட்டிய பிறகு, கணவாய் வேண்டாம், ஒரு தார் ரோடே அதற்குப் பாலக்காட்டுக் கணவாய் ஆகிவிட்டது.

சோலைமந்தி

எடுத்துக்கொள்ளலாங்க. இனம் என்பது ஒரு நாளில் கோடு போட்டுப் பிரிவதில்லை. பிரிந்துகொண்டே இருக்கிற பலதை நாம் நடுவழியில் பார்க்கிறோம். தேவாங்கு அப்படி ஒன்று, வரையாடு இன்னொன்று. அதுவும் கணவாய்க்கு வடக்கே தெற்கே மரபணுவில் தனித்தனித் தொகுதிதான், ஆனால் ஒரே இனம். யானையும் அப்படியே. 2005இல் வெளியான ஆய்வில் நீலகிரி யானைகளும், ஆனைமலை பெரியார் பக்கத்து யானைகளும் மரபணுவில் வேறுபடுவது தெரிந்தது. கடவுக்காற்று அண்ணன் "யானை இரண்டு பக்கமும் ஒன்று" என்று கேட்டதற்கு இதுதான் பதில்: பார்வைக்கு ஒன்று, மரபணுவில் பிரிவு தொடங்கிவிட்டது.

ஏற்காட்டுப் பனி (சேலம்)

நீங்கள் எல்லோரும் மேற்கு மலையையே பேசுகிறீர்கள். கிழக்கே எங்கள் சேர்வராயன் மலை, போதமலை, கொல்லிமலை ஒவ்வொன்றும் சமவெளிக்கு நடுவே தனித்தனியாக நிற்பவை. பறவைக்கே கணவாயைத் தாண்ட முடியவில்லை என்றால் மண்ணுக்குள் வாழும் பாம்புக்கு எப்படி? கேடயவால் பாம்பு என்று ஒன்று, ஈரமான இலைமக்குக்கு அடியில் மண்ணைக் குடைந்து வாழும், மண்புழு தின்னும், குட்டி போடும். தலை கூர், வால் நுனி தேய்த்துவிட்டதுபோல மொட்டை. எது தலை எது வால் என்று குழம்பி ஜனங்கள் அடித்துக் கொன்றுவிடுவார்கள். விஷம் துளியும் இல்லை. சேர்வராயனுக்கென்று ஒரு இனம் உண்டு. ராசிபுரம் போதமலையிலிருந்து 2013இல் ரைனோபிஸ் கோவரி என்று ஒரு புது இனத்தை விவரித்தார்கள். எங்கள் வெயில் மண்ணில் அதனால் ஒரு ஃபர்லாங்கூட ஊர முடியாது. அதனால் மலைக்கு ஒரு பாம்பு.

கடவுக்காற்று

அருமையான விவரமெல்லாம் வருகிறது, எல்லோருக்கும் நன்றிங்க. ஒரு சந்தேகம். 2023 பிப்ரவரியில் தருமபுரிப் பக்கம் பிடித்து ஆனைமலையின் டாப்சிலிப் காட்டில் விட்ட மக்னா (தந்தமில்லாத ஆண்) யானை, இறங்கி நடந்து மதுக்கரை, குனியமுத்தூர் என்று கோவைக்குள்ளேயே வந்ததே? ஆனைமலையிலிருந்து கோவை என்றால் கணவாயைக் குறுக்கே நடந்தது போலத்தானே? அப்புறம் எப்படிச் சுவர் என்கிறீர்கள்?

சோலைமந்தி

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு காபி வாங்கித் தர வேண்டும் அண்ணா. ஆமாம், அது கிட்டத்தட்டக் கணவாயின் கிழக்கு வாயைத்தான் நடந்து கடந்தது. அதனால் யானையின் காலுக்கு இந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை என்று நிரூபணமாகிவிட்டது. ஆனால் நடந்து போவதால் மரபணு கலந்துவிடாது. போன இடத்தில் தங்கி, துணை சேர்ந்து, குட்டி பிறந்து, அந்தக் குட்டி வளர்ந்து தானும் குட்டி போட வேண்டும். அந்த மக்னாவை மறுபடி பிடித்து ஆனைமலைக் காட்டுக்கே கொண்டுபோனார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

மக்கள்தொகை மரபியலில் ஸ்யூவல் ரைட்டின் கணக்கிலிருந்து வந்த ஒரு தோராய விதி உண்டு: தலைமுறைக்கு ஒரே ஒரு உயிர் போய்ச் சேர்ந்து இனம் பெருக்கினாலே இரண்டு கூட்டமும் ரொம்பத் தூரம் விலகாமல் இருக்கும். யானைக்குத் தலைமுறை என்பது இருபது ஆண்டுக்கு மேல். கணவாயில் காடு மிஞ்சியிருந்த பழைய காலத்தில் அந்த ஒன்று எப்போதாவது போயிருக்கலாம். இன்று ரயில்பாதை, நான்குவழிச் சாலை, கல்லூரி, செங்கல் சூளை. வாளையார் தடத்தில் ரயிலில் அடிபட்ட யானைகளை நாம் எல்லோரும் செய்தியில் பார்த்திருக்கிறோம். மதுக்கரையில் 2024இல் செயற்கை நுண்ணறிவுக் கேமரா வைத்துத் தண்டவாளத்துக்கு யானை வருவதை முன்கூட்டியே சொல்ல ஏற்பாடு செய்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விடுகிறோம். பழைய சுவர் இயற்கை கட்டியது, அதில் சந்து இருந்தது. புதுச் சுவரில் சந்து இல்லை.

மோயாற்றங்கரை

மக்னா என்றதும் இன்னொன்று. தென்னிந்தியாவில் பெரும்பாலான ஆண் யானைகளுக்குத் தந்தம் உண்டு. இலங்கையில் தந்தமுள்ள ஆண் பத்தில் ஒன்றுகூட இல்லை. ஆப்பிரிக்காவில் மொசாம்பிக்கின் கொரொங்கோசாவில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தந்தத்துக்காக யானைகளைக் கொன்று குவித்தார்கள். போருக்கு முன் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாக இருந்த தந்தமில்லாப் பெண் யானை, போருக்குப் பிறகு ஏறக்குறைய பாதி ஆனது. 2021இல் இதற்குக் காரணமாக இருக்கக்கூடிய மரபணுக்களையே அடையாளம் கண்டார்கள். எந்த யானையும் "தந்தம் வேண்டாம்" என்று முடிவெடுக்கவில்லை. தந்தமுள்ளது செத்தது, இல்லாதது குட்டி போட்டது. அவ்வளவுதான். பரிணாமத்துக்கு லட்சம் ஆண்டு வேண்டும் என்பவர்களுக்கு நான் வகுப்பில் இதைத்தான் சொல்வேன்.

கொறங்காட்டார்

அப்படியானால் மயில்? என் சின்ன வயசில் மயில் பார்க்க மலைக் கோயிலுக்குத்தான் போக வேண்டும். இப்போது காங்கயம், தாராபுரம் முழுக்க நிலக்கடலை விதைத்த மறுநாளே கூட்டமாக வந்து கிளறித் தின்கிறது. முருகன் வாகனம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கண்ணீரோடு திரும்பும் விவசாயிகளை எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் "மயில் ஊருக்கேற்ற மாதிரி பரிணாமம் அடைந்துவிட்டது" என்கிறார்கள். சரியா?

சோலைமந்தி

இல்லைங்க ஐயா, இது பரவல். மயில் பழைய மயில்தான், இடம்தான் மாறியது. முள்காடும் வறண்ட வெளியும் அதற்கு ஆதியிலேயே பிடித்த இடம். தரையில் இடும் முட்டையைத் தின்னும் குள்ளநரி பல ஊரில் இல்லாமல் போனது. பயிர் நிலம் ஆண்டு முழுக்கத் தீனி போடுகிறது. ஒதுங்கச் சீமைக்கருவேலம். சட்டத்தின் காவல் வேறு. இதே கணவாய் வழியாக மேற்கேயும் போய், முன்பு மயில் அபூர்வமாக இருந்த கேரள ஊர்களில் இப்போது தினமும் அகவல் கேட்கிறது. மேற்கே நிலம் வறள வறள இன்னும் போகும். மோட்டார் ரூமில் ஆள் எப்போது வருவான் என்று தெரிந்து வயலுக்குள் இறங்குவது கற்றல். அது தாயைப் பார்த்துக் குஞ்சுக்கு வரும், முட்டைக்குள் போகாது.

எங்கள் சோலைமந்திகள் (சிங்கவால் குரங்குகள்) எஸ்டேட் லைன் வீட்டு அடுக்களைக்குள் நுழைவதும் கற்றல்தான். வெடிப்பலா மரத்தின் உச்சியில் வாழப் படைத்த கையும் வாலும் அப்படியே இருக்கின்றன, பழக்கம்தான் மாறுகிறது. அதனால்தான் பயப்படுகிறேன். ஒரு பெண் மந்தி மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் குட்டி போடும். ரோட்டில் சாகும் வேகத்துக்கு உடம்பு மாறி ஈடுகட்ட நேரமே கிடையாது.

மோயாற்றங்கரை

ஒரு விஷயத்தில் சோலைமந்தியோடு எனக்கு உடன்பாடில்லை, தனிமடலில் பேசியதை இங்கேயே வைத்துவிடுகிறேன். 2022இல் அரசு நீலகிரி வரையாடு திட்டத்தை அறிவித்தது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடு. முன்பு இருந்து அழிந்துபோன மலைகளில் மறுபடி கொண்டுபோய் விடுவதும் திட்டத்தில் உண்டு. ஒரு மலையில் ஒரு கைப்பிடி ஆடு மட்டும் மிஞ்சியிருந்தால் அது தனக்குள்ளேயே இணைந்து நலிந்துபோகும். அங்கே கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஆட்டைக் கொண்டுவந்து சேர்த்தால்கூடத் தப்பில்லை. 1995இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் எண்ணிக்கையில் சிறுத்துப்போன பூமா (மலைச்சிங்கம்) கூட்டத்தில் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். கூட்டம் தேறியது. தனித்தன்மை என்று சொல்லிக்கொண்டு உயிரையே விட்டுவிடக் கூடாது.

சோலைமந்தி

உயிர் முதலில் என்பதில் நமக்குள் சண்டையே இல்லைங்க சார். வரிசைதான் வேறு. வடக்கே முக்குர்த்தியில் நல்ல கூட்டம் இருக்கிறது, தெற்கே எரவிகுளமும் புல்மலையும் இருக்கின்றன. வடக்கே குறைந்தால் முதலில் வடக்கிலிருந்தே எடுங்கள், தெற்கே குறைந்தால் தெற்கிலிருந்தே. இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சேர்த்துவைத்ததை ஒருமுறை கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. ஃபுளோரிடாவில் வேறு வழியே இல்லாத நிலை வந்தபிறகு செய்தார்கள். நமக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. அந்நியப் புதர்களைப் பிடுங்கிப் புல்வெளியை மீட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். அந்த வேலை ஆமையாய் நகர்கிறது, அதைப் பற்றித்தான் நாம் சத்தம் போட வேண்டும்.

மோயாற்றங்கரை

புல்வெளி விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். மற்றதில் என் கருத்து அப்படியேதான்.

கொறங்காட்டார்

மலையைப் பற்றி நீங்கள் பேசித் தீருங்கள். எனக்குச் சமவெளிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். மாசி முடிந்து மழை தொடங்கும் வரை கடா ஓணான் விசிறி விரிக்கும் காலம். காங்கயம், தாராபுரம், மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் யார் பார்த்தாலும் படம் எடுத்து இந்த இழையிலேயே போடுங்கள். விசிறி முழுக்க விரிந்தபோது பக்கவாட்டில் ஒரு படம், பின்னங்கால் விரல் தெரிய ஒரு படம். பிடிக்க வேண்டாம், கல்லைப் புரட்ட வேண்டாம். எந்த ஊர், கொறங்காடா உழவுக்காடா என்று மட்டும் எழுதினால் போதும். காற்றாலைக்கும் வீட்டுமனைக்கும் கொறங்காடு போய்க்கொண்டிருக்கிறது. எந்தக் காட்டில் எது இருந்தது என்று எழுதி வைக்கவாவது ஆள் வேண்டும்.

ஏற்காட்டுப் பனி

சேலம் பக்கம் மேச்சேரி, ஓமலூர் மேட்டு நிலத்திலும் பார்த்த ஞாபகம். பங்குனியில் போய்ப் பார்த்துவிட்டுப் படம் போடுகிறேன்.